ஈசான மூலைக்குப் போன தண்ணீர்

வெள்ளவத்தை
02.06.2024

தம்பி நாகேந்திரத்துக்கு,

மத்தியஸ்த சபையில் அந்தப் பெரியவர், "மதிலுக்கு மேலால கத்திக் கதைக்காதேங்கோ, சொல்ல இருக்கிறதை எழுதிக் குடுங்கோ" என்று சொன்னாரே, அதனால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கென்ன விசரா, பத்தடி தூரத்தில் இருக்கிற கூடப்பிறந்தவனுக்குக் கடிதம் எழுத! நேசத்தின் கையில் கொடுத்துவிடுகிறேன். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து, உன் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தானே இங்கே இவரைக் குளிப்பாட்ட வருகிறாள். இப்போது இரண்டு வீட்டு வாசலையும் மிதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

அம்மா இந்த வளவைப் பிரித்தபோது ஒழுங்கைப் பக்கம் உனக்கு, பின்பக்கம் எனக்கு. அன்று தொட்டு என் வளவில் விழுகிற மழைத்தண்ணீர் மதிலடி ஓட்டையால் உன் பக்கம் வந்து, உன் வாசலில் இருக்கிற ஒழுங்கை வடிகானில் விழும். எனக்கு வேறு கான் இல்லை. இது உனக்குத் தெரியாததா? ஓட்டையை விடச் சொல்லிக் கட்டினவனே நீதானே.

மாசி மாதம் ரிப்பர் லொறி லொறியாகக் கிறவல் மண் வந்தது. "மல்லி, என்ன இது?" என்று சிங்களத்தில் கேட்டேன். "மஹத்தயா கிவ்வா, அம்மே" என்று லொறிக்காரன் உன் யன்னலைக் காட்டினான். ஐயா சொன்னாராம்! வாசல் பக்கத்தை முழங்காலளவு உயர்த்தி, வளவு முழுவதையும் என் பக்கம் சரித்துவிட்டாய். இப்போது என் தண்ணீரும் போவதில்லை, உன் தண்ணீரும் அதே ஓட்டையால் இங்கே வருகிறது.

வைகாசியில், வெசாக் கிழமை பெய்த மழைக்கு முன்னறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பாரிசவாதம் வந்த நாளிலிருந்து உன் அத்தான் அந்த அறையில்தான் படுத்திருக்கிறார். வாய் பேசாது, ஆனால் கண் எல்லாவற்றையும் பார்க்கும். கட்டில் காலைச் சுற்றித் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையோடுதான் வெளியே ஓடிவந்து, சேற்றை அள்ளி உன் மதிலுக்கு மேலால் எறிந்து, வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.

மண் அள்ளித் தூற்றியதற்கு மன்னிப்புக் கேள் என்கிறார்கள். முதலில் தண்ணீர் வடியட்டும், பிறகு பார்ப்போம்.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை
06.06.2024

திருமதி நாகேஸ்வரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

எனது வளவின் மட்டம் முறையாக அளக்கப்பட்டே மாற்றப்பட்டது. வடகிழக்கு மூலையில், மதிலுக்கு இப்பால், ஆழமான ஊறுகுழி ஒன்று வெட்டி உடைகல் நிரப்பியிருக்கிறேன். எனது வளவுத் தண்ணீர் முழுவதும் அந்தக் குழியில் இறங்கி மண்ணுக்குள் போகும். கணக்கின்படி தங்கள் பக்கம் ஒரு சொட்டும் வர நியாயம் இல்லை. வைகாசியில் பெய்தது வழமைக்கு மாறான மழை.

தங்கள் வளவுத் தண்ணீரைப் பொறுத்தவரை, தற்சமயம் என்னால் எதுவும் செய்ய முடியாத நிலை. காரணத்தை எழுத விரும்பவில்லை. தை மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று. தாங்கள் சேற்றை எறிந்த நேரம் என் மகள் சாம்பவி விறாந்தையில் நின்றாள். "உன்ர குடி விளங்காது, நாசமாப் போவாய்" என்று தாங்கள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டது. தாயை இழந்த பிள்ளையை மடியில் வைத்துத் தாலாட்டி வளர்த்த வாய் அது. அன்றிலிருந்து அவள் முன்பக்கம் வருவதில்லை. மன்னிப்புக் கேட்பதும் கேட்காததும் தங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
மு. நாகேந்திரம்
(ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர்)


வெள்ளவத்தை
23.06.2024

ஓய்வுபெற்ற பொறியியலாளர் அவர்களுக்கு,

திருமதியாம், தாங்களாம்! உனக்குச் சிரங்கு வந்தபோது வேப்பிலை அரைத்துப் பூசினவளுக்கு நீ தருகிற மரியாதை நல்லாயிருக்கிறது.

உன் ஊறுகுழியை ஏறி நின்று பார்த்தேன். ஓம், மதிலோரம் கதிரை போட்டு ஏறினேன், இந்த வயதில். குழி நிறையத் தண்ணீர். உள்ளே தவளை இருந்துகொண்டு என்னைப் பார்த்து முழிக்கிறது. கால்வாய் இந்தப் பக்கம், கடல் அந்தப் பக்கம், வெள்ளவத்தையில் இரண்டடி தோண்டினாலே ஊற்று வரும். இங்கே தண்ணீர் எந்த மண்ணுக்குள் போகும்? சமையலறைக்காரி எனக்கே தெரிகிறது. வன்னியில் குளமும் வாய்க்காலும் கட்டினவனுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்துகொண்டுதான் செய்கிறாய். அதுதான் எனக்கு விளங்கவில்லை.

யாராவது சாத்திரி சொன்னவனா? நீ கோவிலுக்கே ஒழுங்காகப் போகாதவன், உன்னை எந்தச் சாத்திரி பிடித்தான்?

நேற்றும் மழை. கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன். பம்பஸ் மாற்றவும், புரட்டிப் படுக்கவைக்கவும் நானும் நேசமும் தண்ணீருக்குள் நின்றுதான் செய்கிறோம். முதுகில் ஒரு சிவப்பு விழுந்திருக்கிறது. இது படுக்கைப் புண்ணாகும், ஈரம் படவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஈரம் படாமல் வைத்திருக்க அவரைக் கொடியிலா தொங்கப்போடுவது?

தைக்குப் பிறகு என்கிறாய். ஐப்பசி மழை, கார்த்திகை மழை எல்லாம் இந்த மனுசனின் கட்டிலுக்குக் கீழால் போகட்டும் என்கிறாயா? ஆடிக்குள் மண்ணை எடுக்காவிட்டால் நான் வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போவேன். மத்தியஸ்த சபை, கடிதம் எல்லாம் அதோடு சரி.

சாம்பவிக்கு நான் எறியவில்லை. உனக்கு எறிந்தேன். அதை அவளுக்குச் சொல்லு.

நாகேஸ்வரி


வெள்ளவத்தை
14.07.2024

அக்கா,

கோட்டுக்குப் போக வேண்டாம். இதை வாசித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். நேசத்துக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

சாம்பவி பிள்ளைத்தாச்சி. நாலாம் மாதம் நடக்கிறது. எனக்கும் மருமகன் ஜனாவுக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. மூன்று தரம் வந்து, மூன்றும் போனது உங்களுக்குத் தெரியும். மூன்றாவது போனபோது நீங்கள்தான் ஆஸ்பத்திரியில் அவளோடு நின்றீர்கள். இந்த முறை ஒருவர் கண்ணும் படக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

நீங்கள் கேட்டது சரி. சாத்திரிதான். ஹெவ்லொக் டவுனில் ஒருவர். ஜனாவின் தாய் என்னைக் கூட்டிப்போனா. அவர் வளவின் படத்தைப் பார்த்துவிட்டு, "கன்னி மூலை பள்ளமாக் கிடக்கு. வீட்டுத் தண்ணி அந்தப் பக்கத்தால வெளியேறினா வம்சம் நிக்காது. தென்மேற்கை உயர்த்தி ஈசான மூலைக்குத் தண்ணியை விடுங்கோ" என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன். சேவையில் இருந்த காலம் முழுக்க இதைப் பார்த்துச் சிரித்தவன். இரண்டு கிழமை சிரித்தேன். பிறகு ஒருநாள், சாம்பவி போன முறை வாங்கி வைத்த சின்னச் சட்டைகளை மடித்து மடித்துப் பெட்டியில் வைப்பதைப் பார்த்தேன். அடுத்த நாள் கிறவலுக்குச் சொன்னேன்.

ஈசான மூலை உங்கள் பக்கம் என்பது எனக்குத் தெரியும். ஊறுகுழி வேலை செய்யாது என்பதும் தெரியும். உங்களுக்குக் காட்ட ஒரு கணக்கு வேண்டுமென்று அதை வெட்டினேன்.

மண் நிரப்பி முடிந்த அடுத்த மாதம் அவளுக்கு நின்றது. இப்போது என்ன செய்ய, சொல்லுங்கள். பிள்ளைத்தாச்சி இருக்கிற வளவில் மண் வெட்டக்கூடாது, சுவர் உடைக்கக்கூடாது, ஆணி கூட அறையக்கூடாது என்று அம்மா சொல்லுவாவே. நான் உங்கள் பக்கமாகச் சரித்த மண்ணைத் திருப்பி எடுக்கப்போய் இந்தப் பிள்ளைக்கு ஒன்று நடந்தால், அதோடு நான் எப்படி உயிரோடு இருப்பேன்? வெட்டினாலும் பாவம், வெட்டாவிட்டாலும் பாவம். மார்கழிக் கடைசியில் பிள்ளை பிறக்கும். தை பிறந்ததும் என் கையாலேயே வெட்டித் தருவேன். அதுவரை பொறுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நாகேந்திரம்


வெள்ளவத்தை
16.07.2024

தம்பி,

அறுந்துபோவானே, இதை முதலே சொல்லித் தொலைத்திருக்கலாமே! அந்த வாய் பேசின பேச்சை நான் இப்போது எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இவருக்கு மட்டும் சொன்னேன். இவர் யாருக்குச் சொல்லப்போகிறார்? கண்ணால் தண்ணீர் ஓடியது. சந்தோசத்துக்குத்தான்.

நான் சேற்றை எறிந்த அன்று அவள் வயிற்றில் பிள்ளை இருந்திருக்கிறது. ஐயோ, கடவுளே. எறிந்த கையைப் பார்க்க எனக்கே பயமாயிருக்கிறது. நீ நம்புகிறாயோ இல்லையோ, ஒரு காரியம் செய். இதோடு ஒரு சின்னக் கடதாசிச் சரையில் மண் வைத்திருக்கிறேன். என் காலடி மண். நாவூறு கழிக்கிறதற்கு, யாருடைய கண்ணோ வாயோ பட்டதென்று நினைக்கிறோமோ அவர்களுடைய காலடி மண்தானே எடுப்பார்கள். ஒருவரும் தன்னுடையதைத் தானே எடுத்துக் கொடுத்ததில்லை, நான் கொடுக்கிறேன். வளவில் காய்ந்த மண் இல்லாதபடியால் ஈர மண்ணை எடுத்துச் சாப்பாட்டுத் தட்டில் பரப்பி வெயிலில் காயவைத்தேன். செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்து, அவளைக் கிழக்கே பார்க்க இருத்திச் சுற்றி, அடுப்பில் போடு. ஜனாவைச் செய்யச் சொல்லாதே, அவனுக்குத் தெரியாது.

மண்ணை வெட்டாதே. என் பக்கத்திலும் ஒருவரும் மண்வெட்டி வைக்க நான் விடமாட்டேன். மதில் நாங்கள் கட்டினது, வளவு ஒன்றுதான். தண்ணீரை நான் பார்த்துக்கொள்கிறேன். வாளி இருக்கிறது, தண்ணீர் தள்ளத் தும்புத்தடி இருக்கிறது, கை இருக்கிறது.

அவளை இங்கே வரவிடாதே. வழுக்குகிற வளவு. எனக்கு அவளைப் பார்க்க ஆசைதான், ஆனால் பிள்ளை பிறந்த பிறகு நானே வந்து தூக்குகிறேன். கொய்யாப்பழம் விருப்பமென்றால் உப்புத் தூள் போடாமல் கொடு.

அக்கா


வெள்ளவத்தை
11.08.2024

அக்கா,

நீங்கள் அனுப்பிய மண்ணைக் கொண்டு நானே சுற்றிப்போட்டேன். மிளகாய் கொஞ்சமும் கமறவில்லை. கமறாவிட்டால் நாவூறு இருந்ததென்று அர்த்தம் என்று நேசம் குசினி வாசலில் நின்று சொல்லிவிட்டா. எனக்கு உங்களை நினைத்துச் சங்கடமாகிவிட்டது. சாம்பவி மட்டும் சிரித்தாள். "மாமியின்ர கோபம் இவ்வளவுதான் அப்பா, அடுப்பில போட்டா மணக்கவும் மாட்டுது" என்றாள். கனகாலத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கண்டேன்.

மோட்டர் ஒன்று அனுப்புகிறேன். குழாயைப் பக்கப்பாதை வழியாக இழுத்து ஒழுங்கைக் கானுக்குள் விட்டிருக்கிறேன். மேலால்தான் போகிறது, மண்ணில் ஒரு கீறலும் இல்லை. மழை தொடங்கினதும் போடுங்கள்.

இன்னொரு யோசனை. மழைக்காலம் முடியும்வரை அத்தானை எங்கள் முன்னறைக்குக் கொண்டுவருவோம். நானும் ஜனாவும் தூக்குவோம்.

நாகேந்திரம்


வெள்ளவத்தை
20.10.2024

தம்பி,

மோட்டர் நல்ல மோட்டர். மழை விடாமல் பெய்தால் கரண்ட் போகிறது, கரண்ட் போனால் அது சும்மா கிடக்கிறது. மழை இல்லாத நேரம் நன்றாக வேலை செய்கிறது.

இவரை அங்கே கொண்டுவருவதைப் பற்றி ஆவணியிலும் சொன்னாய், புரட்டாதியிலும் சொல்லி அனுப்பினாய். வேண்டாம் என்று சொன்னால் விடேன். முதுகுப் புண் இப்போது கைமுட்டி அளவு. எவ்வளவு கழுவினாலும் மணம் போகவில்லை. இப்படியான நோயாளியை வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் கொண்டுவந்து கிடத்துவேனா? அந்தக் காற்றை அவள் சுவாசிக்க வேண்டுமா? நான் கல்நெஞ்சுக்காரிதான், ஆனால் அவ்வளவுக்கு இல்லை.

செங்கல் இரண்டடுக்கு வைத்தாகிவிட்டது. இனி உயர்த்தினால் எங்கள் இருவரால் அவரைப் புரட்ட முடியாது. தண்ணீர் வரும்போது நான் சத்தம் போடுவதில்லை. அவளுக்குக் கேட்டால் துடிப்பாள். வாளியைக் கூட நிலத்தில் மெதுவாகத்தான் வைக்கிறேன். பாதித் தண்ணீர் அள்ளும்போதே கை விட்டுவிடுகிறது, கதவடியில் இருந்து அழுதுவிட்டுப் பிறகு அள்ளுகிறேன். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. யாருக்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஒன்று கேட்கட்டுமா. பக்கப்பாதை ஓரமாக ஒரு சாண் அகலத்தில், ஒரே ஒரு சின்ன வாய்க்கால். ஒரு கீறல். அது மண் வெட்டுகிற கணக்கில் வருமா? நீ அந்தச் சாத்திரியிடம் கேட்டுப் பாரேன்.

வேண்டாம். கேட்காதே. நான் எழுதினதை மறந்துவிடு. எட்டு மாதம் நெருங்குகிறது, இனி என்ன, கொஞ்ச நாள்தானே.

அக்கா


வெள்ளவத்தை
25.10.2024

அக்கா,

நீங்கள் வேண்டாம் என்றாலும் சாத்திரியிடம் போய்க் கேட்டேன். "நகத்தால கீறினாலும் கீறல்தான், உங்கட இஷ்டம்" என்றார். அந்த "உங்கட இஷ்டம்" என்ற சொல்தான் என்னைக் கொல்கிறது. நுகேகொடையிலிருந்து வேலை முடிந்து வந்த ஜனா, "மாமா, நான் வெட்டிறன், என்ன வந்தாலும் என்ர தலையில" என்று மண்வெட்டியை எடுத்தான். பாதை வரைக்கும் போனவனை நான்தான் மறித்துப் பறித்துக்கொண்டு வந்தேன். அந்த இடத்தில் மட்டத்தை அளந்து பார்த்திருக்கிறேன், அக்கா. ஒரு சாண் வாய்க்கால் போதும். உங்கள் தண்ணீர் முழுவதும் தானாகப் போய்விடும். தெரிந்துகொண்டே மண்வெட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் படுக்கிறேன்.

சாம்பவி அடிக்கடி "மாமா எப்படி அப்பா?" என்று கேட்கிறாள். நல்லாயிருக்கிறார் என்று சொல்கிறேன். பின்பக்க யன்னலைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

நாகேந்திரம்


வெள்ளவத்தை
13.11.2024

தம்பி,

ஆஸ்பத்திரிக்கு நேசத்தை அனுப்புகிறேன். நீ போனை எடுக்கிறாய் இல்லை, ஜனாவும் எடுக்கிறான் இல்லை. இவரை விட்டுவிட்டு நான் அசைய முடியாது. இதை வாசித்ததும் டொக்டரிடம் காட்டு, உடனே காட்டு.

சாம்பவி தண்ணீருக்குள் நின்றவள். போன கிழமை அந்தப் பெருமழை பெய்த பின்னேரம். கரண்ட் இல்லை, மோட்டர் இல்லை, நேசமும் வேளைக்கே போய்விட்டாள். தண்ணீர் செங்கலுக்கு மேலால் வந்து மெத்தையை நனைக்கத் தொடங்கிவிட்டது. இவரைத் தனியே இழுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அன்றுதான் என்னை அறியாமல், "நேசம், நேசம்" என்று கத்திவிட்டேன். யாரோ வந்து படுக்கைவிரிப்பின் மற்ற முனையைப் பிடித்தார்கள். நேசம்தான் பாதியில் திரும்பி வந்தாள் என்று நினைத்துத் தூக்கினேன். இவரைச் சாப்பாட்டு மேசையில் கிடத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால் சாம்பவி. முழங்கால் வரை சேறு.

நான் பேசின பேச்சுக்கு அளவில்லை. அவள், "மாமி, கத்தாதேங்கோ, மாமா பயப்பிடுறார்" என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். பிள்ளை துடித்தது. காலைக் கழுவித் துடைத்துவிட்டேன். ஒரு காற்செருப்பைச் சேறு இழுத்துவிட்டது, தேடினேன், கிடைக்கவில்லை. குதியில் ஏதோ வெட்டி இரத்தம் வந்திருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். "அப்பாக்குச் சொல்லாதேங்கோ மாமி, மனுசன் செத்துப்போயிடும்" என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு, வெளியில் போயிருந்த நீயும் ஜனாவும் வர முதல் வெறுங்காலோடு போய்விட்டாள்.

சத்தியத்தை இப்போது முறிக்கிறேன். அவளுக்குக் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் உளைவு என்று நேசம் இன்றுதான் வந்து சொன்னாள். சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிடாதே. எலி செத்து மிதக்கிற தண்ணீர் அது. எலிக்காய்ச்சலாக இருக்கும் என்று சொல்லு. காயத்தோடு தண்ணீருக்குள் நின்றவள் என்று சொல்லு. மாமியின் வீட்டுத் தண்ணீர் என்று சொல்லு.

நான் கத்தியிருக்கக் கூடாது. அவ்வளவு நாளும் வாயை அடக்கினவள், அன்றைக்கு மட்டும் ஏன் கத்தினேன்?

ஒரு சொல் எழுதி நேசத்திடம் கொடுத்துவிடு. ஒரு சொல் போதும்.

அக்கா


வெள்ளவத்தை
22.11.2024

அக்கா,

அன்று ஒரு சொல்கூட எழுதித்தர என்னால் முடியவில்லை. நேசம் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு வந்திருப்பா.

உங்கள் கடிதத்தை டொக்டரிடம் கொண்டு ஓடினேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் நின்று வரிவரியாகச் சிங்களத்தில் சொன்னேன், நானே அப்போதுதான் முழுவதையும் வாசிக்கிறேன். உடனே மருந்தை மாற்றினார்கள். சாம்பவி தப்பிவிட்டாள். பிள்ளை தப்பவில்லை. பெண்பிள்ளை. தலை நிறைய முடி, சாம்பவி பிறந்தபோது இருந்த மாதிரியே.

நேற்று நானும் ஜனாவும் பொரளை மயானத்துக்குக் கொண்டுபோனோம். சின்னப்பிள்ளையை எரிக்க மாட்டார்கள் அல்லவா, புதைக்க வேண்டும். ஒரு ஆள் வந்து மண் வெட்டினார். ஈர மண், சத்தமே இல்லாமல் வெட்டுப்பட்டது. இந்தப் பிள்ளைக்காக நான் ஒரு சாண் மண்ணையும் வெட்டவிடாமல் காவல் இருந்தேன். அவளுக்காக வெட்டின முதல் மண் அதுதான். குழிக்குள் தண்ணீர் ஊறுகிறதா என்று குனிந்து பார்த்தேன், அக்கா. வேறொன்றும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

சத்தம் போட்டதற்கு உங்களை நீங்களே தின்னாதீர்கள். அந்தத் தண்ணீரை உங்கள் வீட்டுக்குள் அனுப்பினவன் நான். அதற்குள் என் பிள்ளையை இறக்கினதும் நான்தான். நீங்கள் தூற்றின மண் அடுப்பில் எரிந்துபோனது. நான் கொட்டின மண் அப்படியே கிடக்கிறது.

சாம்பவி ஒருவரோடும் கதைப்பதில்லை. இன்று காலையில் மட்டும் ஒன்று கேட்டாள். "மாமி வீட்டுத் தண்ணி வடிஞ்சிட்டுதா அப்பா?"

இனி எங்கள் வளவில் மண் வெட்டலாம். தடை ஒன்றும் இல்லை. நாளைக்கு வெட்டுகிறேன்.

நாகேந்திரம்


வெள்ளவத்தை
23.11.2024

தம்பி,

விடிந்ததும் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கூலிக்கு ஆள் பிடித்திருப்பாய் என்று நினைத்தேன். கதிரையில் ஏறிப் பார்த்தால் நீயும் ஜனாவும். வெட்டுவதும், நிற்பதும், முகத்தைத் துடைப்பதும். தேத்தண்ணீர் ஊற்றிவிட்டு, எப்படிக் கொண்டுவந்து தருவது என்று தெரியாமல் குசினியிலேயே ஆறவிட்டேன்.

சத்தம் கேட்டு இவர் என்னைப் பார்த்தார். "தம்பி தண்ணிக்கு வழி விடுறான்" என்றேன். பிள்ளையைப் பற்றி இவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கண்ணை நான் எப்படிப் பார்ப்பது?

நீ மதிலடியில் கடைசி வெட்டு வெட்டினதும் தண்ணீர் இழுக்கத் தொடங்கியது. சருகு, பிளாஸ்டிக் போத்தல், எல்லாம் ஓட்டையை நோக்கிப் போயின. நான் சோற்றை வடித்து இறக்க முன்னம் வளவு வெறும் சேறாகிவிட்டது. இவ்வளவுதானா வேலை, தம்பி? இவ்வளவுக்குத்தானா?

தண்ணீர் போன பிறகு, முன்னறைப் படிக்குப் பக்கத்தில் சாம்பவியின் செருப்புக் கிடந்தது. இடது கால். நீலப் பட்டி. அன்றைக்கு நான் தேடின இடத்துக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது, கை படவில்லை.

கழுவிக் காயவைத்திருக்கிறேன். நேசத்திடம் கொடுத்துவிட நினைத்து இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். இதைக் கண்டால் அவளுக்கு என்ன செய்யுமோ தெரியாது. எறியவும் எனக்குக் கை வரவில்லை. என்ன செய்வதென்று நீ சொல்லு. சொல்லும்வரை படியில் வைத்திருக்கிறேன்.

அக்கா